பெட்டிக்குள் மடித்த தாள்

திருகோணமலை உட்துறைமுக வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கெரியும் வீடுகள் சிலவே. அவற்றுள் எமது வீடும் ஒன்று. எம் தாயார் முப்பது ஆண்டுகளாக அந்த வேளையில் எழுந்து, மாக் குழைத்து, இடியப்பம் பிழிந்து, சொதியும் சம்பலும் கூட்டி, மூதூர்ப் படகுக்கு வருவோருக்கும், மீன் சந்தைக்கு ஓடுவோருக்கும், துறைமுகத்தில் மூட்டை சுமப்போருக்கும் விற்று வந்தார். எம் தந்தையார் அந்த மூட்டை சுமப்போருள் ஒருவராயிருந்து, நாம் பள்ளியிற் படிக்கும்போதே காலமானார். பேராதனையில் நாம் தமிழ் படித்த நான்கு ஆண்டுச் செலவும் இடியப்பத் தட்டிலிருந்து வந்ததே. இதனைப் பெருமைக்காகக் கூறவில்லை. நாம் இழைத்த பிழையின் அளவை வாசகர் அறிதல் வேண்டும் என்பதற்காகவே முதலிற் கூறி வைக்கிறோம்.

2023 ஆம் ஆண்டு வைகாசி மாதம் அளவில் தட்டிற் பிழிந்த இடியப்பம் ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் வெறுமையாகவும் விழத் தொடங்கிற்று. "தம்பி, உரல் அடைச்சுப் போச்சுது போல, ஒருக்காப் பார்" என்றார் அம்மா. உரலைக் கழுவிக் கொடுத்தோம். உரலில் ஒரு குறையும் இல்லை. சில நாட்களின் பின், ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை நூறு ரூபாய் என எண்ணி மிச்சக் காசாகக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாயலான மஞ்சள். வாங்கிச் சென்றவர் ஒரு நாட்கூலித் தொழிலாளி. மறுநாட் காலை அத்தாளை மடிப்புக் கலையாமற் கொண்டுவந்து, "அக்கா, கண்ணைக் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே வீட்டிற் படுத்தெழும் பட்டதாரி ஆசிரியருக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிற்று.

அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. எம்மூரார் சொல்வதுபோற் சொன்னால், சீனி வருத்தம். இந்நோய் உடம்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களை மெல்ல மெல்லப் பழுதாக்கும். கண்ணின் பின்சுவரில், கூர்ந்து பார்ப்பதற்கென்றே அமைந்த மஞ்சட் பொட்டு என்னும் இடத்தில், பழுதான குழாய்களிலிருந்து நீர் கசிந்து தேங்கும். அப்போது நேரே பார்ப்பது கலங்கும். அம்மாவின் இடக்கண்ணில் நிகழ்ந்தது இதுவே.

தலைநகரில் உள்ள ஒரு வைத்தியசாலைக்குச் செல்லும்படி பணித்தார்கள். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அங்கே கண்டவர்கள் நேர்மையாக உழைப்பவர்கள். அவர்களிடம் இல்லாதிருந்தவை நேரமும் மருந்துமே. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று 2022 சித்திரையில் அரசு அறிவித்த பின்னர் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் இருந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். 2023 இன் முற்பகுதியிலோ, இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட பிரெட்னிசொலோன் கண்துளி மருந்தினால், நுவரெலியாவிலும் வேறிடங்களிலும் கண் சத்திர சிகிச்சை பெற்றவர்களுக்குக் கிருமி தொற்றிப் பார்வை கெட்ட செய்தி பத்திரிகைகளில் வந்திருந்தது. அந்த அச்சத்தையும் சுமந்துகொண்டே இரவுப் புகைவண்டியில் ஏறினோம்.

வைத்தியர் இளைஞர். கண்ணைச் சோதித்தார். கண்ணுக்குள் ஊசி மூலம் மருந்து செலுத்தவேண்டும், மாதம் ஒன்றாக முதலில் மூன்று ஊசிகள் என்றார். பின்னர் எம்மைப் பார்த்து ஆங்கிலத்தில் விரைவாக, இது உண்மையிற் குடற் புற்றுநோய்க்குரிய மருந்து, ஆனாற் கண்ணுக்கும் நன்கு வேலை செய்கிறது, பயம் வேண்டாம் என்றார். வெளியே நூறு பேர் காத்திருந்தனர். சம்மதப் பத்திரம் ஒன்றைத் தாதி நீட்டினார். அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அம்மா தம் பெயரைத் தமிழில் மெதுவாக எழுதினார். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கிற்று என்று நாம் வகுப்பிற் படிப்பிக்கிறோம். அன்று அந்தப் பத்திரத்திலே தமிழாக இருந்தது அம்மாவின் கையெழுத்து ஒன்றுதான்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "என்னவாம் தம்பி?"

"கண்ணுக்கு ஊசி போடவேணுமாம் அம்மா. வேறொண்டுமில்லை" என்றோம்.

ஆவணி இறுதியில் ஊசிக்கு நாள் கிடைத்தது. வைத்தியசாலையில் மருந்து கையிருப்பில் இல்லை. அன்று ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த ஆறு பேரின் உறவினர் சேர்ந்து, காசைப் பங்கிட்டு, வெளியே ஒரு குப்பி வாங்கிக் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. ஒரு குப்பி பலருக்குப் போதும். கண்ணுக்கு வேண்டியது ஒரு துளியே. மாத்தறையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெரியவரும், புத்தளத்து முஸ்லிம் பெண் ஒருவரும், நாமும் மருந்துக்கடை தேடி அலைந்தோம். மொழி தெரியாவிட்டாலும் விலை எல்லோருக்கும் புரிந்தது. குப்பியைத் தாதியிடம் கொடுத்தபின், வெறும் பெட்டியும் அதற்குள் மடித்திருந்த தாளும் எம் கையில் எஞ்சின.

திரும்பும் வழியில் அம்மா கண்ணிற் கட்டுடன் யன்னலோரம் சாய்ந்திருந்தார். புகைவண்டி கல்லோயாச் சந்தியில் நெடுநேரம் நின்றது. அந்த மங்கிய வெளிச்சத்திலே தாளை விரித்தோம். எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. பெருங்குடல், நுரையீரல், சிறுநீரகம் என்று புற்றுநோய்களின் பட்டியல். குடலில் துளை விழலாம், இரத்தம் பெருகலாம், இரத்த அழுத்தம் ஏறலாம் என்று எச்சரிக்கைகள். கண்நோய் அங்கு எதற்குரிய மருந்தென்ற பட்டியலில் இல்லை. கண் என்ற சொல் வந்த இடத்திலோ, இம்மருந்து கண்ணுக்குள் செலுத்துவதற்கென ஆக்கப்பட்டதன்று என்றிருந்தது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தோம். அம்மா ஒற்றைக் கண்ணால் எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் ஊசிக்குரிய நாள் புரட்டாதி இறுதியில் வந்தது. அதே நாட்களில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலிருந்து ஒரு செய்தி: லாகூரிலும் அயலூர்களிலும் இதே மருந்தைக் கண்ணிற் செலுத்திக்கொண்ட நீரிழிவு நோயாளர் பலர் பார்வை இழந்தனர் என்று. செய்தியை இரண்டு முறை வாசித்தோம். பெயர் அதே பெயர். அவ்வளவே. அம்மாவைக் கூட்டிச் செல்லவில்லை. பள்ளியிற் பரீட்சை வேலை என்று ஒரு பொய்யும் சொன்னோம். எழுத்தறிந்தவர் என்ற செருக்கு எமக்கு இருந்தது. தாளை வாசித்த ஒருவன் அம்மாவைக் காப்பாற்றிவிட்டான் என்றே உள்ளூர எண்ணிக்கொண்டோம்.

கார்த்திகையில் ஒரு மாலை தம்பலகாமத்தில் வாழ்க்கைப்பட்ட எம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அழுதாள். "அண்ணா, அம்மாவுக்கு என்ன வருத்தம்? ஏன் எனக்கு மறைக்கிறீங்க?" அம்மா முதல்நாள் தனியே பேருந்தேறிச் சென்று, தமது இரு காப்புகளையும் அவள் கையில் வைத்து, "நான் போன பிறகு உங்களுக்குள்ள சண்டை வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அன்றிரவு அடுக்களையில் அவர் எதிரே அமர்ந்தோம். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "கான்சர் மருந்து எண்டு டொக்டர் சொன்னது எனக்கும் கேட்டதுதானே மோனை. இங்கிலீசு தெரியாட்டியும் அந்தச் சொல்லு தெரியும். நீ ரயிலிலை கடுதாசியைப் பார்த்துப் போட்டு முகம் மாறினதும் தெரியும். பிறகு ஊசிக்கும் கூட்டிக்கொண்டு போகேல்லை. இனிப் பிரயோசனம் இல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

மூன்று மாதங்கள். ஒரு கூரையின் கீழ், மகன் மருந்துக்கு அஞ்சியும் தாய் மரணத்துக்கு அஞ்சியும், ஒருவர்க்கொருவர் நன்மை செய்வதாக எண்ணி வாயடைத்திருந்தோம்.

மறுநாள் எம் பழைய மாணவி ஒருத்தியிடம் சென்றோம். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பவள். விடுமுறையில் உவர்மலையிலுள்ள வீட்டுக்கு வந்திருந்தாள். எம்மிடம் இலக்கணம் படித்தவளிடம் நாம் பாடம் கேட்டோம். "சேர், தாளில் இருப்பது பொய்யில்லை. ஆனால் அது முழுக்கதையும் இல்லை" என்று தொடங்கினாள். அவள் சொன்னவற்றையும், அதன்பின் நாமே தேடி வாசித்தவற்றையும் இங்கு தருகிறோம். ஏனெனில் இம்மருந்தின் வரலாற்றிலே எமது வீட்டைக் காட்டிலும் பெரிய சங்கதி ஒன்று உண்டு.

மருந்தின் பெயர் பெவாசிசுமாப். வணிகப் பெயர் அவாஸ்டின். புற்றுக்கட்டி வளர்வதற்கு இரத்தம் வேண்டும். அதற்காகத் தன்னைச் சுற்றிப் புதிய குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு பொருள் உடலிற் சுரக்கிறது. அப்பொருளைப் பிடித்துக் கட்டிவிடுவதே இம்மருந்தின் வேலை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2004 மாசியில் இதனைப் பெருங்குடற் புற்றுநோய்க்கு அங்கீகரித்தது. முதியோர் கண்ணிலும் நீரிழிவு நோயாளர் கண்ணிலும் கோணலான குழாய்களை முளைக்கவும் கசியவும் செய்வது அதே பொருள்தான். ஆகவே 2005 இல் மயாமி நகரத்துக் கண் வைத்தியர் பிலிப் ரோசன்ஃபெல்ட், புற்றுநோயாளருக்கு நாளத்தில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஏற்றும் அம்மருந்தில் ஒரு துளியை மட்டும் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். கண் தெளிந்தது. ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் கண் வைத்தியர்கள் இதனைக் கைக்கொண்டனர்.

இவ்வாறு ஒரு நோய்க்கென அங்கீகாரம் பெற்ற மருந்தைத் தாளில் எழுதப்படாத வேறொரு நோய்க்குக் கொடுப்பதை, 'தாளுக்குப் புறம்பான பயன்' என்று நாம் சொல்லிக்கொள்வோம். இது களவன்று. பல நாடுகளின் சட்டப்படி, மருந்தை அங்கீகரிப்பது அரசு நிறுவனத்தின் வேலை. அங்கீகரித்த மருந்தை எவருக்கு எழுதுவது என்பது வைத்தியரின் அறிவையும் மனச்சான்றையும் பொறுத்தது. கம்பனிதான் புறம்பான பயனை விளம்பரப்படுத்தலாகாது.

அப்படியாயின் இந்த மருந்தின் தாளிலே கண் ஏன் ஏறவில்லை? எம்மை உறங்கவிடாத கேள்வி இது. விடை எளிது. தாளிலே ஒரு நோயைச் சேர்க்கும்படி விண்ணப்பிக்க வேண்டியது, சோதனை நடத்திச் சான்று காட்ட வேண்டியது, பெரும்பாலும் மருந்தைச் செய்யும் கம்பனியே. அவாஸ்டினைச் செய்த ஜெனென்டெக் என்ற அதே கம்பனி, அதே ஆராய்ச்சியின் வழியிற் பிறந்த இன்னொரு மருந்தைக் கண்ணுக்கென்று தனியே ஆக்கி, 2006 ஆனியில் லுசென்டிஸ் என்ற பெயருடன் அங்கீகாரம் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவில் அந்நாளில் லுசென்டிஸ் ஊசி ஒன்றின் விலை ஏறக்குறைய 2000 டொலர். அவாஸ்டின் குப்பியிலிருந்து பிரித்தெடுத்த துளியின் விலை ஏறக்குறைய 50 டொலர். ஐம்பது டொலர் மருந்துக்குக் கண்ணில் வேலை செய்யும் உரிமைச் சீட்டைப் பெற்றுக்கொடுத்து, தன் இரண்டாயிரம் டொலர் மருந்தின் கழுத்தைத் தானே நெரிக்க எந்த முதலாளி முன்வருவான்?

கம்பனி செய்யாத சோதனையை மக்கள் வரிப்பணம் செய்தது. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவகம், ஆயிரத்துக்கு மேற்பட்ட முதிய நோயாளரிடம் இரு மருந்துகளையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வின் முதலாண்டு முடிவு 2011 இல் வெளிவந்தது. பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம். உலகச் சுகாதார நிறுவனம் 2013 இல் பெவாசிசுமாபைக் கண்ணுக்குரிய அத்தியாவசிய மருந்தாகத் தன் பட்டியலிற் சேர்த்தது. நீரிழிவுக் கண்ணைப் பற்றி 2015 இல் வந்த ஆய்வொன்றின் முடிவு சற்று வேறுபட்டது. பார்வைக் குறைவு சிறிதாயிருந்தோரிடம் ஒப்பிட்ட மூன்று மருந்துகளும் சமம். பார்வை அதிகம் கெட்டிருந்தோரிடம் அஃப்லிபெர்செப்ட் என்ற விலையுயர்ந்த மருந்து ஓராண்டு முடிவில் மேலாக நின்றது. இதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மலிவானது என்பதற்காக ஒரு மருந்தை நாம் தோழராக்கிக் கொள்ளவேண்டியதில்லை.

இத்தாலியில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. அந்நாட்டின் போட்டிக் கண்காணிப்பு அதிகாரசபை, அவாஸ்டினைக் கண்ணிற் பயன்படுத்துவது ஆபத்தென்ற எண்ணத்தைப் பரப்பி மக்களை விலையுயர்ந்த மருந்தின்பாற் தள்ள ரோஷும் நோவார்ட்டிஸும் உடன்பட்டு நடந்தன என்று கண்டு, 2014 இல் இரண்டுக்குமாக 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. ஜெனென்டெக் ரோஷுக்குச் சொந்தமானது. லுசென்டிஸை அமெரிக்காவுக்கு வெளியே விற்றது நோவார்ட்டிஸ். கல்லோயாச் சந்தியின் மங்கல் வெளிச்சத்தில் எம்மைப் பிடித்த அச்சம் எமது சொந்த அச்சமா, அல்லது எங்கோ ஒரு வணிகக் கணக்கிற்குத் துணைபோன அச்சமா என்று பின்னர் பலமுறை எண்ணினோம். தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் அந்தத் தாளை வெறும் வணிகச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் ஒரு குருதி வரலாறு உண்டு. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் என்ற தூக்க மருந்தைக் கருவுற்ற பெண்கள் உட்கொண்டதனால், உலகில் ஆயிரமாயிரம் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. 1961 இல் அது மீட்கப்பட்டது. அதன் பின்னரே, 1962 இல், ஒரு மருந்து தான் சொல்லும் நோயைத் தீர்க்கிறது என்பதற்குக் கம்பனி சான்று காட்டவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. தாளில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்ற கட்டுப்பாடு தாய்மாரின் கண்ணீரால் வென்றெடுத்தது. வியப்பு என்னவெனில், அதே தாலிடோமைட் தொழுநோயாளரின் கொடிய கொப்புளங்களை ஆற்றுகிறது என்பதை 1964 இல் எருசலேமில் ஒரு வைத்தியர் கண்டார். 1998 இல் அமெரிக்கா அதற்கு அங்கீகாரமும் கொடுத்தது. நஞ்சென்று தள்ளியதும் ஒருநாள் கடுங் காவலுடன் தாளில் ஏறுகிறது.

புறம்பான பயன் எல்லாம் ஒரே தன்மையதும் அன்று. எம் வகுப்பில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தொடர்ந்து உறங்கி விழுந்தாள். விசாரித்தபோது, உடம்பு தேறுவதற்கென்று யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையை நாள்தோறும் விழுங்கி வருகிறாள் என்று தெரிந்தது. அது ஒவ்வாமைக்குரிய மாத்திரை. பசியைத் தூண்டும் என்பது உண்மை. உறக்கத்தைத் தரும் என்பதும் உண்மை. அங்கே வைத்தியரும் இல்லை, சோதனையும் இல்லை, பின்தொடர்ந்து பார்ப்பாரும் இல்லை. பெரிய இடத்தில் இதுவே பெரிய அளவில் நடக்கும். வலிப்பு நோய்க்கென அங்கீகாரம் பெற்ற கபாபென்டினை வேறு பல நோய்களுக்குக் கம்பனியே பரப்பி விற்ற குற்றத்தை 2004 இல் வார்னர்-லம்பேர்ட் ஒப்புக்கொண்டது; அதனை அப்போது உடைமையாகக் கொண்டிருந்த ஃபைசர் 43 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. ஆதாயம் தராத பயனை எழுதாமல் விடுவதும் ஆதாயம் தரும் பயனை எழுதாமலே விற்பதும் ஒரே கையின் இரு வேலைகள்.

லாகூரில் பார்வை கெடுத்தது எது? மருந்தைப் புற்றுநோயாளருக்குரிய பெருங்குப்பியிலிருந்து சிறு ஊசிகளாகப் பிரித்தவர்கள் உரிமமும் தூய்மையும் இன்றிப் பிரித்தனர் என்பதே குற்றச்சாட்டு. 2016 தையில் அகமதாபாத்திலும் இதே மருந்தைப் பெற்ற நோயாளர் சிலரின் கண் கெட்டது. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி கண்ணில் இதனைப் பயன்படுத்தவேண்டாம் என எச்சரித்தார். கண் வைத்தியர்கள், இதை நிறுத்தினால் ஏழை நோயாளர் குருடாவார்கள் என்று வாதிட்டனர். இரண்டு மாதங்களுக்குள் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. இங்கேதான் எமக்கு உறைத்தது. கண்ணுக்கென ஒரு துளிக் குப்பியைக் கம்பனி செய்திருந்தால், எவரும் எங்கும் பிரிக்க வேண்டியிருந்திராது. செய்யாது விட்டதன் இலாபம் ஒரு பக்கம். பிரிக்கும்போது புகும் கிருமி இன்னொரு பக்கம். கிருமியைப் பெறுபவர் எவர் என்பதை, அன்று ஆறு பேராய்ச் சேர்ந்து மருந்துக்கடை தேடிய எமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. கண்ணுக்கென்றே ஆக்கிய பெவாசிசுமாப் ஒன்றை முதியோரின் மஞ்சட் பொட்டு நோய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் அங்கீகரித்தது. ஆனால் அதன் விலை பங்கிட்ட துளியின் விலையன்று.

வேறு வழி உண்டா என்று கேட்கும் மாணவருக்கு, இந்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டென்று கூறுவோம். பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் கொடுத்த அறிக்கையின் வழியிற் பிறந்தது அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். வணிகப் பெயர்களின் கூச்சலிலிருந்து மருந்தை மீட்டு, அதன் சொந்தப் பெயரால் மொத்தமாக வாங்கி, தனியார் இறக்குமதி செய்துவந்த சுமார் 2100 மருந்துகளைச் சுமார் 600 ஆகச் சுருக்கிக் காட்டினார் பிபிலே. 1977 இல் கயானாவில், ஐக்கிய நாடுகளின் பணியில் இருக்கையில் அவர் காலமானார். ஒசுசல மருந்துக்கடையின் முன் வரிசையில் நிற்போரில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்? எம் பாடப்புத்தகத்திலும் அப்பெயர் இல்லை. எந்த மருந்து எந்த நோய்க்கு வேண்டும் என்பதை விற்பவன் அல்லாது மக்களின் வைத்தியமே தீர்மானிக்கலாம் என்ற துணிவு அவரிடம் இருந்தது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை நம்மிடம் இருக்கிறது. கம்பனி வாய் திறவாத இடத்தில், உலகச் சான்றுகளைக் கொண்டு, இப்பயன் தகும், இன்ன அளவு, இன்ன தூய்மையான அறையிலேயே பிரித்தல் வேண்டும் என்று அது எழுதிவைக்கலாம். நோயாளர் கையொப்பமிடும் பத்திரத்தை மூன்று மொழிகளில் அச்சிடுவதற்கு அந்நியச் செலாவணியும் வேண்டியதில்லை.

மார்கழியில் அம்மாவைக் கூட்டிச் சென்றோம். அதே இளம் வைத்தியர். தாமதத்துக்குக் காரணம் கேட்டார், உள்ளதைச் சொன்னோம். சினக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நான் அம்மாவுக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். நீர் மீண்டும் தேங்கிவிட்டது. ஊசிகள் தொடர்ந்தன. இன்று அம்மா எழுத்துக் கூட்டிப் பத்திரிகைத் தலைப்பு வாசிக்கிறார். ரூபாய்த் தாளை நிறம் பார்த்துப் பிரிக்கிறார். ஆயினும் இடக்கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் மறைப்பு நிலைத்துவிட்டது. மூன்று மாதம் தவறாதிருந்தால் அது நீங்கியிருக்குமா என்று கேட்டோம். நீங்கியிருக்கலாம், நீங்காதிருந்திருக்கவும் கூடும் என்றார் வைத்தியர். அந்த 'லாம்' எமக்கு இலக்கணம் அன்று.

காப்புகளைத் தங்கையிடமிருந்து அம்மா திரும்ப வாங்கவில்லை. "குடுத்தது குடுத்ததுதானே. எப்பவோ குடுக்கிறதுதான்" என்றார்.

தமிழில் ஒரு விளக்கம் எழுதிக்கொடுப்பதென்று முடிவு செய்தோம். இஃது என்ன மருந்து, முதலில் எதற்கென ஆக்கியது, கண்ணுக்கு ஏன் கொடுக்கிறார்கள், தாளில் ஏன் இல்லை, எந்தக் குறி கண்டால் உடனே ஓடி வரவேண்டும் என்பவற்றை ஒன்றரைப் பக்கத்தில் அடக்கினோம். மாணவி மருத்துவப் பிழைகளைத் திருத்தினாள். பிறகு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். மஞ்சட் பொட்டு என்ற இடத்தில் நிறுத்தினார். "பொட்டெண்டால் நெத்தியிலை வைக்கிறது. ஆருக்கு விளங்கப்போகுது? கண்ணுக்குப் பின்பக்கம் நீர் கோக்குது எண்டு எழுது." எழுதினோம். இரத்தக் குழாயை நரம்பு என்று எழுதச் சொன்னார். அதற்கு மட்டும் நாம் உடன்படவில்லை. நீண்ட வாதத்தின் பின் 'இரத்தம் ஓடும் சின்னக் குழாய்' என்று சமாதானமாயிற்று. முதல் வரி முழுவதும் அம்மா சொன்னது: உங்களுக்குக் கான்சர் இல்லை.

அடுத்த முறை சென்றபோது ஐந்து பிரதிகளைத் தாதியிடம் கொடுத்தோம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டறிந்து, அனுமதியில்லாமல் மேசையில் வைக்க முடியாதே என்று தயங்கினார். பிறகு இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அதற்கடுத்த மாதம் இழுப்பறையிற் பார்த்தார், ஒன்றும் இல்லை. மூதூரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்தவர்களுக்குக் கொடுத்ததாகவும், ஒருவர் தம் ஊர்க்காரருக்கென இரண்டு வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார். சிங்களத்திலும் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். தம் சொந்த ஊராரும் அந்தப் பத்திரத்தை விளங்கிக்கொள்ளாமலே கையொப்பமிடுகிறார்களாம். எமக்குச் சிங்களம் போதாது. பள்ளியிற் சிங்களம் படிப்பிக்கும் நண்பரிடம் கேட்டிருக்கிறோம்.